இரண்டு இடது கை

மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு பிளவுஸ் துணி. 2018-இல் ஆடி முடிந்த கையோடு என் நாத்தனார் கொண்டுவந்து கொடுத்தாள். புடவையோடு ஒட்டி வந்த துணி. ஒரு ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு ஜரிகை பார்டர், மற்ற இடமெல்லாம் பொட்டுப் பொட்டாய் புட்டா. "அவசரம் ஒண்ணும் இல்ல அண்ணி, நீங்க மெதுவா தைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று அவளுக்குத் தெரியாது. அந்தத் துணி என் பீரோவில் 19 நாள் கிடந்தது.

காலையில் இவர் வேலைக்குக் கிளம்பி, மகளும் பள்ளிக்கூடம் போனதும் அதை எடுத்துக் கட்டிலில் விரிப்பேன். ஸ்கேலை வைப்பேன். டெய்லர் சாக்கால் ஒரு கோடு போடுவேன். கத்தரியைக் கையில் எடுத்ததும் உள்ளங்கை வேர்த்துவிடும். பட்டில் வேர்வை பட்டால் கறை பிடிக்கும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, துணியை மடித்துத் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். மறுநாள் மழை மூட்டம், வெளிச்சம் போதாது. அதற்கடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. எனக்குச் செவ்வாய், வெள்ளி பார்க்கும் வழக்கமே கிடையாது. அந்த 19 நாளில்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

இந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு. 2009, வைகாசி மாதம்.

எங்கள் வீடு சென்னை ஓட்டேரியில் ஒரு குறுக்குத் தெருவில். பி.காம் முடித்து, பாரிமுனையில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் அயனாவரத்தில் ஒரு டீச்சரிடம் ஆறு மாதம் தையல் கற்றுக்கொண்டேன். நன்றாகவே வந்தது. அக்கம்பக்கத்தில் காட்டன் பிளவுஸ்கள் தைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் எதிர்வீட்டு அக்கா தன் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பட்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்தார். என்னை நம்பிக் கொடுத்த முதல் பட்டு.

தையல் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். பிளவுஸின் கை இரண்டும் ஒன்றுபோல இருப்பதாகத் தோன்றும், ஆனால் இல்லை. தோள்பட்டையில் வைத்துத் தைக்கிற வளைவு முன்பக்கம் அரை இஞ்ச் கூடுதலாகக் குழிந்திருக்க வேண்டும். அதனால் வலது கை, இடது கை என்று தனித்தனியாக உண்டு. துணியின் நல்ல பக்கமும் நல்ல பக்கமும் முகம் பார்க்கிற மாதிரி மடித்து வெட்டினால்தான் ஒன்று வலது, ஒன்று இடது என்று ஜோடியாக வரும். நான் பார்டர் வீணாகக் கூடாது என்ற கவனத்தில் இரண்டையும் நல்ல பக்கம் மேலே பார்க்க வைத்து வெட்டிவிட்டேன். ஒரு கையைத் தைத்து, பெருமையாகப் பார்த்துவிட்டு, அடுத்ததை எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. இரண்டும் இடது கை.

சாதா காட்டன் என்றால் திருப்பிப் போட்டுத் தைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இது புட்டா போட்ட பட்டு, பின்பக்கம் நூல் பிசிறு தெரியும். மிச்சத் துணியில் பார்டர் இல்லை. தி.நகர் மேட்சிங் கடைகள், சவுகார்பேட்டை, கோடவுன் ஸ்ட்ரீட் என்று இரண்டு நாள் அலைந்தேன். நிறம் கிட்டத்தட்டக் கிடைத்தது, பார்டர் கிடைக்கவில்லை. கடைசியில் கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா துணியைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்து, "பரவால்லம்மா" என்றார். அவ்வளவுதான். கிரகப்பிரவேசத்துக்கு வேறு புடவை கட்டிக்கொண்டு போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே அழுது முடித்து அடுத்த துணியை எடுத்திருப்பேன். அந்தப் "பரவால்லம்மா"வை என்ன செய்வது?

அதன் பிறகு ஏழு வருடம் நான் பிளவுஸ் வெட்டவில்லை. ஃபால்ஸ் அடித்தேன், நைட்டி தைத்தேன், சின்னப் பிள்ளைகளின் பாவாடைக்கு நாடா போட்டுக் கொடுத்தேன், கொக்கி கட்டினேன். யாராவது பிளவுஸ் கொண்டுவந்தால் "நேரமே இல்ல" என்பேன். மத்தியானம் இரண்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்வேன்.

எப்படி மறுபடி தொடங்கினேன் என்று கேட்டால், சொல்லிக்கொள்ளும்படி பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2016-இல் ஒரு நாள் சாணை பிடிப்பவர் தெருவில் வந்தார். சைக்கிள் பெடலை மிதித்தால் கல் சுற்றும், அந்த வண்டி. காய் நறுக்கும் கத்தியோடு என் பெரிய கத்தரியையும் கொடுத்தேன். அவர் திறந்து பார்த்தார். திருகாணி இருக்கிற இடத்தில் துரு. "இன்னாம்மா, நல்ல கத்திரி, சும்மாவே வெச்சிட்டியே" என்றார். 40 ரூபாய் கேட்டார். தீட்டிக் கொடுத்ததும் சோதித்துப் பார்க்க ஏதாவது வெட்ட வேண்டுமே என்று மேஜையில் கிடந்த பேப்பரை எடுத்து ஒரு வெட்டு வெட்டினேன். அது பாட்டுக்கு வளைந்து ஆர்ம்ஹோல் மாதிரி போயிற்று. கைக்கு மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் செய்தித்தாளில் ஒரு முழு பிளவுஸ் வெட்டினேன். மறுநாளும் ஒன்று. ஒரு மாதம் தினம் ஒரு பேப்பர் பிளவுஸ். முதுகு, முன்பக்கம், பட்டி, கை. கையை மட்டும் ஒவ்வொன்றும் மூன்று ஜோடி. பேப்பர் காரியத்துக்கு உதவாது என்று வீட்டில் கிண்டல், ஆனால் பேப்பர் கெட்டுப்போனால் யாருக்கும் கிரகப்பிரவேசம் நின்றுவிடப் போவதில்லை. அப்புறம் கோடவுன் ஸ்ட்ரீட் போய் ஐந்து மீட்டர் காடா துணி வாங்கி வந்தேன். அதில் வெட்டி, தைத்து, நானே போட்டுப் பார்த்து, பிரித்து, திரும்பத் தைத்தேன். அதற்கடுத்து என் பழைய வாயில் புடவை. அப்புறம் எனக்கே ஒரு டூ பை டூ பிளவுஸ். அப்புறம் அம்மாவுக்கு. அம்மாவின் ஷோல்டர் ஒரு பக்கம் இறங்கியிருக்கும், அது எனக்குத் தெரியாது. முப்பத்தேழு வருடம் பார்த்த அம்மாவை இஞ்ச் டேப் வைத்து அளந்த அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கணக்கு எழுதிய பழக்கம் போகவில்லை. ஒரு நீள சைஸ் நோட்டு போட்டேன். தேதி, தைத்தது, கெட்டது, நஷ்டம். நாலு காலம், கோடு போட்டுப் பிரித்தது. கழுத்து அகலமாகிவிட்டது, 90 ரூபாய். லைனிங்கை நனைக்காமல் தைத்துவிட்டேன், முதல் துவைப்பிலேயே உள்ளே சுருங்கி மேல்துணி சுருக்கம் விழுந்தது, 120 ரூபாய். பைப்பிங் கோணல், பிரித்தேன், நஷ்டம் இல்லை, ஒரு மணி நேரம். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தேன்: 1,310 ரூபாய். இரண்டு முறை கூட்டினேன். ஏழு வருடம் என்னைக் கட்டிப்போட்ட பூதத்துக்கு ஒரு வருடச் சாப்பாட்டுச் செலவு 1,310 ரூபாய்! கேபிளுக்கு அதைவிட அதிகம் கட்டிக்கொண்டிருந்தோம்.

என் மகள் இப்போது கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். போன வருடம் ஏதோ பேச்சில் இந்தப் பேப்பர் பிளவுஸ் கதையைச் சொன்னேன். "அம்மா, இது எங்க பாடத்துலயே இருக்கு" என்று சிரித்தாள். ஜோசப் வோல்ப் என்று தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஒருவர். ஒரு கூண்டில் வைத்துப் பூனைகளுக்கு மின் அதிர்ச்சி கொடுத்திருக்கிறார், பாவம். அதன்பின் அவை அந்த அறைக்குள் சோறு வைத்தாலும் தொடவில்லை. அவர் வேறொரு அறையில் சாப்பாடு வைத்தார். சாப்பிட்டன. அடுத்து, அந்தப் பழைய அறையின் சாயல் கொஞ்சம் இருக்கிற இன்னொரு அறையில். அடுத்து இன்னும் கொஞ்சம். கடைசியில் அதே கூண்டில் உட்கார்ந்தே சாப்பிட்டன. மனிதர்களின் பயத்துக்கும் இதே மாதிரி படிப்படியான ஒரு சிகிச்சை முறையை அவர் 1958-இல் எழுதினாராம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று நம் ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அவர் அந்தப் பூனையை அடுப்பங்கரை வரை ஒவ்வோர் அடியாக அழைத்துப் போயிருக்கிறார். 'பயத்தைத் தூக்கி எறியுங்கள்' என்று மைக்கைப் பிடித்துக் கத்துகிறவர்களுக்கு இந்தப் பூனைகளில் ஒன்றைப் பரிசாகக் கொடுக்கலாம்.

சரி, நாத்தனாரின் பட்டுக்கு வருகிறேன். இருபதாவது நாள் அப்பா வந்திருந்தார்.

அப்பா பி அண்ட் சி (பக்கிங்காம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லில் தறி ஓட்டியவர். ஐந்து நிமிடம் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் 1918-க்குப் போய்விடுவார்: அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள், வாடியா தலைவரானார், திரு.வி.க. கூட நின்றார், இந்தியாவில் முறையான தொழிற்சங்கம் என்றால் அதுதான் முதல். அப்புறம் மில்லின் காக்கித் துணி எந்தெந்த ஊர் பட்டாளத்துக்கெல்லாம் போனது என்று தொடரும். 1996-இல் மில் மூடியது. இப்போது அங்கே அடுக்குமாடிகள் நிற்கின்றன. அப்பா அந்தப் பக்கம் போனால் மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் இன்றைக்கும் எந்தத் துணியைக் கொடுத்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, நெருக்கமான நெசவா, கஞ்சி போட்டு ஏமாற்றுகிறானா என்று சொல்லிவிடுவார்.

அன்றைக்கும் பட்டைத் தேய்த்துப் பார்த்தார். நான் கத்தரியோடு நின்றுகொண்டிருந்தேன். "இன்னா பாத்துக்கினு நிக்கற? வெட்டு. நெய்யறவன் நெய்துக்கினேதான் இருப்பான்" என்றார்.

வெட்டினேன். முகம் பார்க்க மடித்து, குண்டூசி குத்தி, இது வலது, இது இடது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. கத்தரி பட்டில் போகும்போது ஒரு சத்தம் வரும், கரும்பை மெல்லக் கடிக்கிற மாதிரி. ஒன்பது வருடம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

நாத்தனார் அந்த பிளவுஸைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனாள். கதை இங்கே நல்லபடியாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்தக் கல்யாணத்தில் ஆறு பேர் என் போன் நம்பரை வாங்கினார்கள். எனக்குப் புதிதாக வேறொரு காய்ச்சல் பிடித்தது.

போன் அடித்தால் எடுக்க மாட்டேன். எடுத்தால் "கையில நிறைய வேலை இருக்குங்க" என்பேன். மெஷின் மேல் துணி போர்த்திக் கிடக்கும். 2019-இல் அண்ணா நகரிலிருந்து ஒரு பொட்டிக் வைத்திருக்கும் அம்மா வீட்டுக்கே வந்தார். என் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். தெரிந்தவர்கள் உள்பக்கம்தான் பார்ப்பார்கள். மாதம் 20 பிளவுஸ் தருகிறேன் என்றார். நான், "எனக்குக் கண்ல கொஞ்சம் பிரச்சனைங்க" என்றேன். கண்ணில் ஒரு பிரச்சனையும் இல்லை. அவர் என்மேல் பரிதாபப்பட்டு ஒரு நல்ல கண் டாக்டரைச் சொல்லிவிட்டுப் போனார்.

கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் என்று இதைச் சொல்ல முடியாது. கெடாது என்று எனக்குத் தெரியும், நோட்டில் எழுதியிருக்கிறது. நன்றாகப் போய்விடுமோ என்றுதான் பயந்தேன். நன்றாகப் போனால்? அடுத்த தடவையும் அதே மாதிரி எதிர்பார்ப்பார்கள். ராத்திரி பத்து மணிக்கு வாசலில் ஆள் நிற்பார்கள். நான் இவரைவிடக் கூடச் சம்பாதித்துவிட்டால் வீட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று தெரியாது (இவர் ஒன்றும் சொல்லக்கூடிய ஆள் இல்லை. ஆனால் இவருடைய அக்கா உண்டு). கண் படும். "அவளுக்கு இப்ப தலை கால் புரியல" என்பார்கள். இதையெல்லாம் எந்த நோட்டில் எந்தக் காலத்தில் எழுதுவது? நஷ்டம் என்ற இடத்தில் என்ன தொகை போடுவது?

இதற்கும் ஒரு பிறந்த தேதி இருக்கிறது என்று பின்னால் யோசித்தபோது புரிந்தது. மில் மூடிய பிறகு அப்பா கைக்கு வந்த பணத்தில் ஒரு அரிசிக் கடை வைத்தார். முதல் வருடம் பிரமாதமாக ஓடியது. நல்லா போகுதே என்று கடன் வாங்கி இரண்டாவது கடை எடுத்தார். இரண்டாவது கடை முதல் கடையையும் சேர்த்து விழுங்கிவிட்டது. 1999-இல் தராசு, படி, மூட்டை தூக்கும் கொக்கி வரை எடுத்துக்கொண்டு போனார்கள். அம்மா அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்த ஒரு வாக்கியம்: "சின்னதாவே இருந்திருக்கலாம்." சாம்பார் வைக்கும்போது, துணி மடிக்கும்போது, யாரும் கேட்காதபோதும். கடை ஓடாததால் நாங்கள் கெட்டோம் என்று எங்கள் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. ஓடியதால்தான் கெட்டோம் என்று எனக்குப் பதிந்துவிட்டது.

இதற்கும் மகள் ஒரு ஆராய்ச்சி வைத்திருந்தாள். அமெரிக்காவில் மாடினா ஹார்னர் என்ற பெண், 1968-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்தது. ஒரே ஒரு வரி கொடுத்து மாணவிகளைக் கதை எழுதச் சொன்னாராம்: முதல் பருவத் தேர்வு முடிந்ததும் ஆன் தன் மருத்துவ வகுப்பில் முதல் இடத்தில் இருக்கிறாள். பையன்களுக்கு அதே வரி, ஆனுக்குப் பதில் ஜான். ஜானைப் பற்றிப் பையன்கள் எழுதியதெல்லாம் பெரும்பாலும் நல்ல கதைகள். ஆன் பற்றிப் பாதிக்கும் மேற்பட்ட பெண்கள், அவளுக்குத் தோழிகள் போய்விட்டார்கள், கல்யாணம் ஆகவில்லை, படிப்பையே விட்டுவிட்டாள் என்கிற ரீதியில் எழுதியிருக்கிறார்கள். இது பெண்களின் மனதுக்குள் இருக்கிற பயமா, அல்லது ஊர் எப்படி நடத்தும் என்று தெரிந்து எழுதியதா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பினார்களாம். நான் இரண்டாவது கட்சி. ஓட்டேரியில் இருந்துகொண்டு எனக்கு அதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஆன் இரண்டு நாள் என் கூடவே அடுப்படியில் நின்றாள்.

பட்டை வெட்டப் பேப்பரில் தொடங்கியது போல இதற்கும் ஒரு பேப்பர் வேண்டியிருந்தது. கடைசியில் அது கூலியாக வந்தது.

எங்கள் பக்கத்துக் கடைகளில் லைனிங் பிளவுஸுக்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தபோது நான் 150 வாங்கினேன். தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது முன்கூட்டியே கட்டிவைத்த அபராதம். தப்பு நடந்தால், 'நூற்றைம்பது ரூபாய்க்கு இவ்வளவுதான்' என்று சொல்லிக்கொள்ளலாமே. 2019 தீபாவளி முடிந்ததும் 180 என்று சொல்வதாக முடிவு செய்தேன். பாத்திரம் துலக்கும்போது சொல்லிப் பார்த்தேன். "நூத்தி எம்பது." "நூத்தி எம்பதுங்க." "இப்ப நூத்தி எம்பது ஆயிடுச்சுங்க." பட்டை வெட்டியபோதுகூட இப்படி வாய் உலரவில்லை. முதலில் வந்தவர் ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸிலிருந்து வருகிற ஒரு டீச்சர். சொன்னேன். அவர் பையிலிருந்து அளவு பிளவுஸைத் தேடிக்கொண்டே, தலையைத் தூக்காமல், "சரி, எப்ப கிடைக்கும்?" என்றார். எனக்குத்தான் காது அடைத்துப்போய் இரண்டாவது தடவை கேட்க வேண்டியதாயிற்று.

அதன்பின் பொங்கலுக்கு ஒருமுறை, ஆடி முடிந்து ஒருமுறை, 30 ரூபாய். நோட்டில் புதிதாக ஒரு காலம் போட்டேன்: முகம் சுளித்தவர். இன்னொன்று: போனவர். மூன்று வருடத்தில் வழக்கமாக வருகிற 31 பேரில் போனவர் நாலு பேர். அதில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஒருவர் திரும்பி வந்ததும் அல்லாமல், அந்த இன்னொரு டெய்லர் கெடுத்ததைச் சரிசெய்து தரச் சொன்னார். (நடுவில் 2020 வந்தது. மிச்சமிருந்த காடா துணியெல்லாம் மாஸ்க் ஆயிற்று. அது தனிக் கதை.)

அடுத்தது போர்டு. "இங்கு பிளவுஸ் தைக்கப்படும்" என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து, இரண்டடிக்கு ஒன்றரை அடி. 2022-இல் எழுதி வாங்கிவந்து பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். நாலு மாதம் அங்கேயே இருந்தது. பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அதில் இடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவே பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடித்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். "ஏம்மா, கோணலா இருக்கு பாரு. இடது பக்கம் தூக்கு" என்று குரல் வந்தது. எதிர்வீட்டு அக்கா, மாடியில் காயவைத்த வடாமுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். தூக்கினேன். "ஆங், இப்ப சரி" என்றார்.

அக்கா இன்றுவரை என்னிடம் பிளவுஸ் கொடுத்ததில்லை. அயனாவரத்தில் கொடுத்துத் தைத்துக்கொள்கிறார். பேரனின் ஸ்கூல் பேன்ட்டுக்கு ஜிப் மாற்ற மட்டும் கொடுப்பார். நான் எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டேன். அது அவர் பட்டு, அவர் முடிவு.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். மார்கழி பிறப்பதற்குள் கல்யாணத்தை முடிக்க வேண்டும் என்று கார்த்திகைக் கடைசி முகூர்த்தங்களுக்கு என்னிடம் 14 பிளவுஸ் இருந்தன. அத்தனையை ஒரே நேரத்தில் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. ஒத்துக்கொண்ட அன்று ராத்திரியே எனக்கு அரிசிக் கடை கனவு வந்தது. புயலன்று தண்ணீர் வாசல்படி ஏறி உள்ளே வந்தது, கணுக்கால் அளவு. துணிப்பைகளையெல்லாம் பரணில் ஏற்றினோம். மகள் ஒவ்வொரு பையிலும் பெயர் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எண்ணினேன், 14. கரண்ட் மூன்று நாள் இல்லை. மோட்டார் மெஷின் சும்மா நின்றது. நல்லவேளை, பழைய கால் மெஷினை எடைக்குப் போடச் சொல்லி எத்தனையோ பேர் சொல்லியும் போடாமல் வைத்திருந்தேன். தண்ணீர் வடிந்ததும் பெடலைத் துடைத்து எண்ணெய் விட்டு, ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பகல் வெளிச்சத்தில் மிதித்தேன். ராத்திரி மெழுகுவர்த்தியில் கொக்கியும் ஹெம்மிங்கும். போன் சார்ஜ் இல்லாததால் யாரும் கூப்பிடவும் இல்லை. அம்மாதிரி நிம்மதியாக நான் வேலை செய்ததே இல்லை என்று சொன்னால் அடிக்க வருவீர்கள்.

பதின்மூன்று பிளவுஸ் நாளுக்குக் கொடுத்தேன். ஒன்று முடியவில்லை. முதல் நாளே பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் இருந்த வீட்டில் போனைச் சார்ஜ் போட்டு, அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவர் திட்டினார். நல்ல திட்டு, ஏழெட்டு நிமிடம். நான் கேட்டுக்கொண்டேன். வாங்கிய முன்பணம் 500-ஐத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரி நோட்டில் எழுதினேன்: 1 பிளவுஸ், தாமதம், 500. எழுதிவிட்டுச் சாப்பிட்டேன். பசித்தது.

இப்போது பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பெண் வந்து ஹெம்மிங்கும் கொக்கியும் செய்து தருகிறாள். பிளவுஸுக்கு இவ்வளவு என்று கணக்கு. சனிக்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பணம் எண்ணிக் கொடுக்கும்போது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும், இன்னமும். என் கையை நம்பி இன்னொரு வீட்டில் உலை வைக்கிறார்கள். அம்மாவின் வாக்கியம் சரியாக அந்த நேரத்துக்கு வந்து காதோரம் நிற்கும். வரட்டும் என்று விட்டுவிடுகிறேன். அம்மாவிடம் இதை ஒருமுறை சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ரெண்டாவது கடை இடம் நல்ல இடம்தான். ரோடு மேலயே இருந்துச்சு" என்றார். இருபத்தைந்து வருடத்தில் அம்மா அந்தக் கடையைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

நேற்று அண்ணா நகர் அம்மா மறுபடி போன் செய்தார். "கண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்றார். எனக்கு ஒரு நிமிடம் எந்தக் கண் என்று புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லா இருக்குங்க" என்றேன். மாதம் 30 பிளவுஸ், ஆறு மாதத்துக்கு என்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். 30 என்றால் வெட்டுவதற்கு இன்னொரு மேஜை வேண்டும், கட்டிலை மகள் அறைக்குத் தள்ள வேண்டும். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. ஒருவேளை 15 போதும் என்றுகூடச் சொல்வேன். எதைச் சொன்னாலும் கண்ணைக் காரணம் காட்டப் போவதில்லை.

அப்பா ஹாலில் உட்கார்ந்து, வந்திருக்கிற புது லைனிங் கட்டை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பச்சையில் ஒன்று சரியில்லையாம், கஞ்சியாம். மற்றதை நனைத்து மாடியில் போட்டிருக்கிறேன். மேகம் கறுக்கிறது, போய் எடுக்க வேண்டும்.